இருபத்தேழாம் எண் சிடி

ஊருக்குக் கிளம்புவதென்றால் ஜலஜா இரண்டு நாள் முன்பே காகிதத்தில் பட்டியல் எழுதிவிடுவாள். சோப்பு, சீப்பு, ஊசி, நூல், மாற்றுப் பட்டன் நாலு. பட்டியலில் இல்லாத எதுவும் பெட்டிக்குள் போகாது. ஒருமுறை திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தால் பட்டுப்புடவை இல்லை. பட்டியலில் எழுத விட்டுப்போயிருந்தது. கட்டில்மேல் கண்ணெதிரே கிடந்த புடவையை எடுத்து வைக்கத் தெரியாதா என்று அத்தை கேட்டதற்கு, "லிஸ்ட்ல இல்லையே" என்றாளாம். இப்படியும் ஒரு பிறவி!

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. வேலை, அடையாறில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில். அட்டையில் ஓட்டை போடும் ஆபரேட்டராகச் சேர்ந்து, அட்டை போய்த் திரை வந்து, திரைக்கு வண்ணம் வந்து, தொண்ணூற்றொன்பதில் அந்த லேபுக்கே பொறுப்பாளராக இருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. நமக்கும் அது வேண்டாத வேலை.

சனிக்கிழமை ஆனால் 12பி பஸ் பிடித்து தி.நகர் போய்விடுவாள். அங்கே மெஹபூப் பாஷா என்பவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே ஓர் அறை. அதில் வாராவாரம் பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பைத்தியம், லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்று விட்டிருந்த மென்பொருள் அது. இந்தக் கூட்டம் அதையே கொஞ்சம் மாற்றி, தமிழ் எழுத்துருக்கள் சேர்த்து, 'ஆலமரம்' என்று பெயர் வைத்து சிடியில் போட்டு விநியோகித்தது.

ஆலமரத்தின் பெருமை என்னவென்றால், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம். சிடியைப் போட்டு மெஷினை ஆன் செய்தால் எல்லாம் சிடியிலிருந்தே ஓடும். ஹார்ட் டிஸ்க்கை ஒரு விரலால்கூடத் தொடாது. வெளியே எடுத்துவிட்டால் பழையபடி விண்டோஸ். வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்தால் அப்பா தோலை உரிப்பார் என்று பயந்த பிள்ளைகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

அந்த சிடிக்குள் போகவேண்டிய மொத்தச் சரக்கையும் ஒரே பொதியாகக் கட்ட வேண்டும். அதற்கு 'இமேஜ் கட்டுவது' என்று பெயர். கட்டுகிறவள் ஜலஜா. எப்படிக் கட்டுவாள் என்று சொல்லவே வேண்டாம். பட்டியல்! எந்தெந்தக் கோப்பு உள்ளே போக வேண்டும் என்று இரண்டாயிரத்து நூற்று நாற்பது வரிகள், ஒவ்வொன்றும் அவளே பார்த்து, யோசித்து, தட்டியது. அந்தப் பட்டியலைப் படித்து இமேஜ் கட்டும் ப்ரோகிராமும் அவள் எழுதியதுதான். "எனக்குத் தெரியாம ஒரு ஈ கூட உள்ள போகாது" என்பாள்.

ஈ போகவில்லை, வாஸ்தவம். போகவேண்டியதும் பல சமயம் போகவில்லை, அதுதான் சங்கடம். அந்த ஜூன் மாதம் மந்தைவெளியில் ஆசிரியர்களுக்கு ஒரு செயல்விளக்கம் வைத்தார்கள். முப்பது கம்ப்யூட்டர், முப்பது வாத்தியார். எல்லோரும் ஒரே நேரத்தில் 'அச்சிடு' என்று அழுத்தினார்கள். அச்சடிக்கும் ப்ரோகிராம் உள்ளே இருந்தது. அதற்குக் கைகொடுக்கும் ஒரு குட்டிக் கோப்பு பட்டியலில் விட்டுப்போயிருந்தது. முப்பது மெஷினும் முழித்தன. அன்று ஜலஜா மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை குருபிரசாத் பேச்சை எடுத்தான். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், இருபத்தெட்டு வயது, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவான்.

"மேடம், ஆபீஸ் நெட்ல ஒரு டூல் கிடைச்சுது. இமேஜ் கட்ட. லிஸ்டே எழுத வேண்டாம். நம்ம மெஷின் எப்படி இருக்கோ அப்படியே அள்ளி எடுத்துக்கும். எது வேண்டாமோ அதை மட்டும் எழுதினா போதும்."

"அப்படியே அள்ளறதா? குப்பையும் சேர்த்தா?"

"குப்பையை விலக்குப் பட்டியல்ல போட்டுடுங்க மேடம்."

"எது குப்பைன்னு எனக்குத் தெரியணுமே முதல்ல."

"நீங்க எழுதற லிஸ்ட்ல எது வேணும்னு தெரியறதா? அன்னிக்கு மந்தைவெளில பாத்தோமே!" என்று சொல்லிவிட்டான் படுபாவி.

பாஷா எழுந்து, டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கீழே போய்விட்டார். ஜலஜாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அவளுடைய நல்ல குணம் ஒன்று உண்டு. எதிராளி சொல்வது சரி என்றால் கோபம் வரும், ஆனாலும் ஒப்புக்கொள்வாள். அந்த டூல் இருந்த பிளாப்பிகள் மூன்றையும் அவனிடம் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தன் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு வாரம் அந்த டூலைப் பிரித்து மேய்ந்தாள். எழுதியவன் எந்தத் தேசத்துக்காரனோ, கெட்டிக்காரன். பழைய முறையில் ஒரு நாள் முழுக்கப் பிடித்த வேலை ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. அச்சும் வந்தது, கணக்குப் போடும் ப்ரோகிராமும் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

விலக்குப் பட்டியலை மட்டும் வரிவரியாகப் படித்தாள். டூலை எழுதியவன் மாதிரிக்குத் தன்னுடையதையே வைத்திருந்தான். தற்காலிகக் கோப்புகள் வேண்டாம், பழைய பதிவுகள் வேண்டாம், இப்படிப் பன்னிரண்டு வரி. பதின்மூன்றாவது வரியில் அவன் பெயரில் ஒரு டைரக்டரி. அது அவனுடைய சொந்தச் சாமான் வைக்கும் இடம். 'இந்தப் பேர்ல நம்ம மெஷின்ல யாரும் இல்லையே, எதுக்கு வீண் வரி' என்று ஜலஜா அதை அழித்தாள். சுத்தமாகச் செய்கிறவள் அல்லவா! அந்த இடத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் பெயரில் இருந்த டைரக்டரியில் என்ன இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பதினேழு கடிதங்கள் இருந்தன. எல்லாம் அவள் தங்கை நீரஜாவுக்கு எழுதியவை. ஒன்றும் போய்ச் சேரவில்லை.

தொண்ணூற்று மூன்றில் அப்பா படுத்தார். நீரஜா அப்போது பிலாயில் இருந்தாள், புருஷனுக்கு உருக்காலையில் வேலை. பெண் மஹதிக்குப் பரீட்சை நேரம். இரண்டு நாள் ரயில் பயணம், குழந்தையைப் போட்டுவிட்டு எதற்கு அலைய வேண்டும், அப்பாவுக்குத்தான் சரியாகிவிடுமே என்று ஜலஜா தங்கைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. போன் வந்தபோதெல்லாம் "அப்பா தூங்கறார்" என்றாள். நீரஜா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் நீரஜா கூடத்தில் நின்றுகொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டாள். "எனக்கு எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் பண்ண நீ யாரு?" அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் முன்னால் நீரஜா குடும்பம் மாற்றலாகி ஆதம்பாக்கத்துக்கே வந்துவிட்டதாக உறவுக்காரர்கள் சொன்னார்கள். மயிலாப்பூருக்கும் ஆதம்பாக்கத்துக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒருவரும் போகவில்லை, வரவில்லை.

கடிதங்களை ஜலஜா ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டியிருந்தாள். முதல் கடிதம் முழுக்கச் சண்டை. 'நீ மட்டும் என்ன, மாசத்துக்கு ஒரு போன், அதுவும் மூணு நிமிஷம், அப்பாவுக்கு மூத்திரம் எடுத்தது நானா நீயா' என்று ஆரம்பிக்கும். நாலாவது பூராவும் சமாதானம். ஒன்பதாவது ஒரே வரி, 'எனக்குப் பயமா இருந்தது நீரு, சொன்னா நிஜமாயிடும்னு.' பதினேழாவது அடித்துத் திருத்தி, பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் பேசுவது மாதிரி மரியாதையாக இருக்கும். பதினெட்டாவது சரியாக வந்துவிடும், அதை அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டு மாதம் ஆலமரத்தின் புதுப் பதிப்பு வந்தது. நாற்பது சிடி. உறையில் பாஷா அழகாக, 'தொகுத்தவர்: ஜலஜா, மயிலாப்பூர்' என்று அச்சடித்துவிட்டார். அன்று ஜலஜாவுக்குக் காய்ச்சல், கூட்டத்துக்குப் போகவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சிடிக்கும் ஓர் எண் போட்டு, வாங்குகிறவர் பெயரும் விலாசமும் போன் நம்பரும் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். பின்னால் ஏதாவது கோளாறு என்றால் ஆளைப் பிடிக்க வேண்டுமே!

திங்கட்கிழமை மத்தியானம் லேபுக்கு பாஷாவின் போன் வந்தது.

"ஜலஜாம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. சிடியைப் போட்டுப் பாத்துக்கினு இருந்தேன். உள்ள உங்க பேர்ல ஒரு டைரக்டரி கீது. அதுல நீரஜா நீரஜான்னு பதினேழு பைல் கீது. இன்னாம்மா அது?"

ஜலஜா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"படிச்சேளா பாய்?"

"அல்லா மேல சத்தியமா படிக்கலம்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு தொறந்தேன். ரெண்டு வரி. வீட்டு விசயம்னு தெரிஞ்சிது, மூடிட்டேன்."

"எந்த நம்பர்?"

"ஒண்ணாம் நம்பரு."

போயும் போயும் ஒண்ணாம் நம்பரா! அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. நாற்பது வீட்டில் நாற்பது பேர் அப்பாவின் மூத்திரத்தைப் பற்றிப் படிக்கலாம். அது போகட்டும், அவர்களுக்கு நீரஜா யார் என்று தெரியாது.

சாயங்காலமே கடைக்கு ஓடினாள். நோட்டை வாங்கி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். இருபத்தேழில் விரல் நின்றது. 'மஹதி, முதலாண்டு, ஆதம்பாக்கம்.' கீழே தெருப் பெயர். போன் நம்பர் இல்லை.

"கண்ணாடி போட்ட பொண்ணு," என்றார் பாஷா. "காலேஜ்ல நோட்டீஸ் பாத்து வந்துதாம். உங்க ஜாடை கீதேன்னு அப்பவே நெனச்சேன். இன்னாம்மா, சொந்தமா?"

"என் தங்கை பொண்ணு" என்றாள் ஜலஜா. அவ்வளவுதான் சொன்னாள், பாஷாவும் அதற்குமேல் கேட்கவில்லை.

புத்தியுள்ளவள் அன்றைக்கே ஆதம்பாக்கம் போயிருப்பாள். ஜலஜா போகவில்லை. 'முதல்ல மத்ததெல்லாம் வரட்டும்' என்று தனக்குத்தானே ஒரு கதை சொல்லிக்கொண்டாள். விலக்குப் பட்டியலில் பதின்மூன்றாவது வரியாகத் தன் பெயரைச் சேர்த்துப் புது இமேஜ் கட்டினாள். குருபிரசாத் அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் மறுபடியும் நாற்பது சிடி எழுதினான். டூலைக் குறை சொல்வாளோ என்று பயந்துகொண்டே இருந்தான். "அது பேர்ல தப்பில்லை. நான்தான் ஒரு வரியை அழிச்சேன்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

'சிடியில் கோளாறு, மாற்றிக்கொள்ளவும்' என்று மற்ற ஒவ்வொருவருக்கும் போன் போயிற்று. சிலர் கடைக்கே கொண்டுவந்தார்கள். சிலர் வீட்டுக்கு இவளே போனாள். கோடம்பாக்கத்தில் ஒருத்தர் அதைக் குளியலறையில் மாட்டி முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பத்து நாளில் முப்பத்தொன்பது திரும்பி வந்துவிட்டது. சாக்குச் சொல்ல இனி ஒன்றும் பாக்கி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் டிரெய்ன் ஏறினாள். பையில் புது சிடி. வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். படித்திருக்கக் கூடாது. மற்றது எதைப் படித்திருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒண்ணாம் நம்பரை மட்டும் படித்திருக்கக் கூடாது. பரங்கிமலையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். மணியை அடித்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லையே என்று நினைவு வந்தது.

நீரஜாதான் கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தாள்.

"உள்ள வா" என்றாள் நீரஜா. "செருப்பை நிழல்ல விடு, சுடும்."

மஹதி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். பதினோரு வயதில் பார்த்த பெண், இப்போது இவள் உயரம். "பெரியம்மா! நிஜமாவே நீங்கதானா? உறையில பேர் பாத்ததும் அம்மாதான் சொன்னா, இது உன் பெரியம்மான்னு."

ஜலஜா கம்ப்யூட்டர் இருந்த மேசைப் பக்கம் போனாள். "அந்த சிடில ஒரு கோளாறு. மாத்திக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். போட்டுப் பாத்தியா?"

"பத்து நாளா போடறேன், ஓடவே மாட்டேங்கறது. எத்தனை தடவை போட்டாலும் விண்டோஸ்தான் வரது. அம்மா வேற தினம் சாயங்காலம் வந்து கேக்கறா, பெரியம்மாவோடது ஓடித்தா, ஓடித்தான்னு."

ஓடவில்லை! காரணமும் ஜலஜாவுக்கு உடனே புரிந்தது. மெஷின் ஆன் ஆகும்போது முதலில் பிளாப்பியைப் பார்க்கிறது, அடுத்து ஹார்ட் டிஸ்க். சிடி பக்கம் திரும்பிப் பார்க்க யாரும் அதற்குச் சொல்லவில்லை. யாரும் எதையும் படிக்கவில்லை. கும்பிட்ட தெய்வமெல்லாம் அந்த நிமிஷம் கண்முன் வந்து போயின.

டிரைவின் பட்டனை அழுத்தினாள். தட்டு வெளியே வந்தது. பாஷாவின் கையெழுத்தில் 27 என்று எழுதிய சிடி. அதை எடுத்துப் புதியதை வைத்துவிட்டால் தீர்ந்தது. எடுத்தும்விட்டாள். இன்னொரு கை பைக்குள் போயிற்று.

நீரஜா காப்பியோடு வந்தாள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் கையிலிருந்த சிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குத்தான் வந்தியா? சிடி மாத்தறதுக்கு?"

"ஆமா."

"ஆறு வருஷம் கழிச்சு." நீரஜாவின் குரல் உயரவில்லை. "சரி, மாத்திக்கோ. எங்கிட்ட சொல்ல உனக்கு எப்பவுமே ஒண்ணும் கிடையாது."

ஜலஜா கையிலிருந்ததைப் பார்த்தாள். தினம் சாயங்காலம் இவள் வந்து, ஓடித்தா என்று கேட்டிருக்கிறாள். பத்து நாள். தான் முப்பத்தொன்பது சிடிக்கு அலைந்த பத்து நாளும்.

"இருக்கு" என்றாள்.

பையிலிருந்த கையை வெறுங்கையாகவே வெளியே எடுத்தாள். இருபத்தேழாம் எண் சிடியை மறுபடியும் தட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். மெஷினை அணைத்து ஆன் செய்து, டெலீட் கட்டையை விடாமல் தட்டினாள். நீலத் திரை வந்தது. முதலில் சிடியைப் பார், அப்புறம் மற்றது என்று வரிசையை மாற்றிச் சேமித்தாள். அவசரத்தில் ஒருமுறை தப்பாக அழுத்தி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. டிரைவ் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடின.

"ஐ! வரது அம்மா!" என்று மஹதி குதித்தாள்.

ஜலஜா தன் பெயரில் இருந்த டைரக்டரிக்குப் போனாள். எழுந்து நாற்காலியைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். "உக்காரு நீரு."

நீரஜா உட்கார்ந்தாள். திரையில் தன் பெயரையே பார்த்தாள், ஒன்றின் கீழ் ஒன்றாக. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி எண்ணினாள்.

"பதினேழு இருக்கே அக்கா. இதுல எதைப் படிக்கணும்?"

பதினேழாவதை என்று ஜலஜாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. அடித்துத் திருத்திய, மரியாதையான, யாருக்கும் வலிக்காத பதினேழாவதை. ஒண்ணாம் நம்பர் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்துகொண்டிருந்தது.

"எல்லாத்தையும்" என்றாள்.